ஏழாம் சேனல்

வாசிக்கிறவனுக்குத் தெரிவது கட்டைகள்.
பார்க்கிறவனுக்குத் தெரிவது முதுகு.
இது எனக்கு உறைக்கப் பதினோரு வருடமும்
கணக்கில்லாத கல்யாண டின்னரும் ஆனது.

அதுவரை ஒரு கருப்பு யமாஹா.
செந்தூல் மண்டபத்தில் மாப்பிள்ளையின் தம்பி
மேடையோரம் வந்து குனிந்து பார்த்தான்.
"அண்ணே, இதேதான் எங்க வீட்லயும் இருக்கு."
கேலியில்லை. பாசமாகத்தான் சொன்னான்.
அடுத்த மாதம் புஷ்பலீலா என்னைக் கூப்பிடவில்லை.

அவர் நடத்தும் கல்யாணங்களில்
நாற்காலி உறையும் கேக்கின் பூவும் ஒரே நிறத்தில் இருக்கும்.
போனில் கேட்டேன்.
"செவப்பா ஒன்னு வாசிப்பாங்களே தம்பி,
அது இருந்தா சொல்லுங்க."

சிவப்பாக ஒன்று.
சுவீடன்காரன் வைத்த பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை.
விலை, என் மைவியை விற்றாலும் பாதிதான் தேறும்;
விற்றபின் எதில் ஏற்றிக்கொண்டு போவது?

பூடுவில் பழுதுபார்க்கும் கடை மாடியில்
குப்புறக் கிடந்தது அது.
வெள்ளத்தில் மூன்று நாள் ஊறியதாம்.
"போர்டு செத்துப்போச்சு பாஸ்,
லைட்டு மட்டும் எரியும்" என்றான் ஆ லெக்.
எரிய வைத்துக் காட்டினான்.
அறுநூற்றைம்பது வெள்ளி.
லைட்டுக்குத்தான் கொடுத்தேன்.

மேல் தட்டில் சிவப்பு.
கீழ்த் தட்டில், கருப்பு வெல்வெட் துணிக்குப் பின்னால்,
உழைக்கிற யமாஹா.
புல்லாங்குழல்காரன் தனியாக வாசிக்கும் இடங்களில்
என் வலதுகை மேலே ஏறி
உலாத்திவிட்டு இறங்கும்.

முதல் நாள் லைன் செக்.
"ஏழு?" என்றான் ரோஸ்லான்.
அமுக்கினேன்.
"ஏழு கோசோங், அண்ணே."
ஒயரைக் கழற்றி மாட்டினான், மறுபடி கேட்டான்,
பிறகு என் முகத்தைப் பார்த்தான்.
ஒன்றும் பேசவில்லை.
மிக்ஸரில் வெள்ளை டேப் ஒட்டி 'ஏழு' என்று எழுதி,
யாராவது எட்டிப் பார்த்தால் என்று
ஃபேடரையும் பாதிவரை ஏற்றி வைத்தான்.
அந்த ராத்திரி அவனுக்கு நாசி பிரியாணி
இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

இருநூற்றைம்பது நானூறானது.
சிலர் மேடைக்குக் கீழே நின்று
என்னை வெட்டிவிட்டு அதைப் படம் எடுத்தார்கள்.

லிங்கேஸ்வரன் வந்தது ஒரு புதன்கிழமை.
என்னைவிட நன்றாக வாசிக்கிறவன்;
தன் கீபோர்டின் பெயர்மேல் கருப்பு டேப் ஒட்டியிருப்பவன்.
லிப்ட் கெட்டுப்போன பிளாட்டில்
ஏழு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினான்.
"சனிக்கிழமைக்கு அத வாடகைக்குத் தர்றியா?"

சர்வீசுக்குப் போகணும் என்றேன்.
கட்டை ஒன்று ஒட்டுது என்றேன்.
தவணை முடியல, இரவல் குடுத்தா பிரச்சினை என்றேன்.
அவன் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை சொன்னேன்.
கடைசியில்,
"அது பாடாது, லிங்கா."

"தெரியும்.
உன் பியானோ சவுண்டும் என் பியானோ சவுண்டும்
ஒரே டப்பாவிலேர்ந்து வருது, எனக்குக் கேக்காதா?
எனக்கு முதுகு போதும்."

எண்பது வெள்ளி பேசினோம்.
படிக்கட்டில் நான் ஒரு முனை, அவன் ஒரு முனை,
திருப்பங்களில் சுவர் உரசாமல்
நோயாளியை இறக்குவதுபோல் இறக்கினோம்.

சனிக்கிழமை எனக்கு வேலையில்லை.
ஜாலான் ஈப்போ மண்டபத்தில்
அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு
இருபத்தாறாம் மேசையில் உட்கார்ந்தேன், கோழிக்கு.
விளக்கு அணைந்தது. மேடை எழுந்தது.
அப்போதுதான், முதல்முறையாக,
எதிரிலிருந்து அதைப் பார்த்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் எலும்பை ஓரம் வைத்துவிட்டு
"சவுண்டப் பாத்தீங்களா? செவப்பு செவப்புதான்" என்றார்.
தலையாட்டினேன்.

மரியாதைக்காக ஆட்டவில்லை.
எனக்கும் அப்படித்தான் கேட்டது.

தூரத்தில், மிக்ஸர் வெளிச்சத்தில்,
பாட்டு உச்சிக்கு ஏற ஏற
ரோஸ்லான் ஒரு விரலால்
ஏழை இன்னும் கொஞ்சம் தள்ளினான்.